மூன்றாம் நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 58 வயது. பதினெட்டு ஆண்டுகளாகத் தினமும் இரவில் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். வேலையிலிருந்து நின்ற பிறகு காலையிலும் ஆரம்பித்துவிட்டார். சென்ற மாதம் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். பிராந்தியை விட்டு ஒயினுக்கு மாறினால் இதயத்துக்காவது நல்லது என்கிறார் உறவினர் ஒருவர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஈரல் கெடாது என்பதும் உண்மையா? இதுவரை மூன்று முறை நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மறுநாளே கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டார். நடிக்கிறார் என்றே நினைக்கிறேன். வரும் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடச் சொல்லியிருக்கிறேன். அன்றோடு ஒரு சொட்டும் கிடையாது.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

ஒயின் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988இல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. உறவினரிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் விடுங்கள். சாப்பாட்டு விஷயம் எளிய கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், எடையில் அது ஏறத்தாழ 61 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். பிரியாணி தின்றால் அது இரத்தத்தில் மெதுவாக ஏறுமே தவிர, ஈரல் செய்யவேண்டிய வேலை பெரிதாகக் குறைந்துவிடாது. கொழுப்பு மட்டும்தான் படிந்திருக்கிறது என்றால், குடியை விட்ட சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும். அதற்காகக் கலங்க வேண்டாம்.

என்னை உறுத்தியது வேறு. “காலையிலும் ஆரம்பித்துவிட்டார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான், ஆனால் நீங்கள் அதை ஒழுக்கக் குறைவின் இன்னொரு படியாக மட்டுமே பார்க்கிறீர்கள். இரவில் குடித்ததன் அளவு விடியும்போது இரத்தத்தில் குறைந்துவிடுகிறது, கை நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை அடக்கவே அவர் காலையில் குடிக்கிறார். டம்ளரைச் சிந்தாமல் தூக்குவதற்கே அவருக்கு அது தேவைப்படுகிறது. இதற்கு நடிப்பு என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். மது மூளையைத் தணிக்கும் பக்கத்துக்கு இழுக்கிறது. விழுந்துவிடாமல் இருக்க மூளை ஆண்டுக்கணக்கில் தன்னைத் தூண்டிக்கொள்ளும் பக்கத்துக்கு எதிர்த்து இழுக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று ஒரு நாள் மது கயிற்றை விட்டால், எதிர்ப்பக்கம் மல்லாந்து விழாமல் என்ன செய்யும்? கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பும் வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் இதில் உயிரே போகலாம். நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறவர்களுக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பாவுக்கு இது நான்காவது முறை.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் சித்தப்பா கைத்தறி நெசவாளர். சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது எனக்கு 19 வயது. துணைக்கு நான்தான் இருந்தேன். சேர்க்கும்போது “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். “இல்லை” என்று நான் சொன்னேன். மூன்றாம் நாள் இரவு சித்தப்பா போர்வையிலிருந்து எதையோ பொறுக்கத் தொடங்கினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் உருட்டி உருட்டி முடிச்சுப் போட்டன. அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்தார். “நுனியப் பிடிடா, நழுவுது” என்றார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. “நடிக்காதீங்க சித்தப்பா, பாட்டில் வராது” என்று நான் சொன்னேன். நீங்கள் எழுதிய அதே சொல். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, காற்றுக் கருப்பாக இருக்கும், திருநீறு போடுங்கள் என்றார். சித்தி போட்டார். விடிகாலையில் அவருக்கு வலிப்பு வந்த பிறகுதான், ஓடிவந்த இளம் டாக்டர் என் சட்டையைப் பிடிக்காத குறையாக, “கடைசியா எப்ப குடிச்சார்?” என்று கேட்டார். மூன்று நாள் ஒளித்துவைத்த மானத்தை அப்போதுதான் அவரிடம் கக்கினேன்.

2020இல் ஊரடங்கில் மதுக்கடைகளை மூடியபோது கேரளத்தில் பலருக்கு இதுவே நடந்தது. மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்தால் மது வழங்கலாம் என்று அரசு ஆணையிட்டது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருத்துவர்கள் சொன்னதே சரி. இந்த நடுக்கத்துக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை அளவோடு தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. தொடர்ந்து குடிப்பவர் உடம்பில் அது வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதடையலாம். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

சித்தப்பா ஆறாம் நாள் தெளிந்தார். ஊசி கழன்றுவிடாமலிருக்கக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிய துணியின் தடம் மணிக்கட்டில் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டு, “எதுக்குடா கட்டினாங்க?” என்று கேட்டார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை பாட்டிலைப் பிடுங்கி ஒளிக்காதீர்கள். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருடமாக, காலையில் எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்பதை அவர் தயங்கினாலும் நீங்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன பிறகு மாலை போடட்டும். மகர விளக்குக்குப் போகிறவர்கள் மார்கழியிலும் போடுகிறார்கள்.