முருங்கைக் கதியாலும் ஐதராவும்: வெட்டினால் முளைப்பது ஒரே விஷயமா?

"முருங்கைத் தடியை வெட்டி நட்டால் மரமாகிறது, ஐதராவை வெட்டினால் இரண்டு ஐதராவாகிறது. இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தர உயிரியல் எடுக்கிறீர்கள் போல. ஐதரா என்பது நன்னீரில் வாழும் மிகச் சிறிய, குழாய் வடிவ விலங்கு.

ஒன்றில்லை. மரத்தையும் விலங்கையும் ஒப்பிடலாமா என்று கீழே சண்டைக்கு வருபவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: 1740இல் இயற்கையியலாளர் ஏப்ரகாம் ட்ரெம்ப்ளே ஐதராவை வெட்டியதே அது செடியா விலங்கா என்று பார்க்கத்தான். துண்டு பிழைத்தால் செடி என்பது அவர் கணக்கு. துண்டுகள் பிழைத்தன. ஆனால் அது நகர்ந்தது, இரையும் பிடித்தது.

முருங்கைக்கு, கைமொத்தத்தில் 3, 4 அடித் தடி எடுத்து, மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் விடுங்கள். வெட்டியதும் இரண்டு நாள் நிழலில் கிடத்துங்கள். வெட்டுவாய் காயாமல் நட்டால் கொழும்பு மழைக்கு அடி அழுகிவிடும். மேல்வாயில் சாணி அப்புவது ஈரம் வற்றாமலிருக்க. வேர்விடத் தூண்டும் ஒட்சின் என்ற ஓமோன் கீழ்நோக்கியே கடத்தப்படுவதால் பழைய அடிப்பக்கத்தில்தான் வேர் விடும். இலை கழித்த தடியில் எது தலை, எது அடி என்று தெரியாமல் தலைகீழாக நட்டுக் கெடுப்பவர்கள் அதிகம். அடியைச் சரிவாகவும் தலையை நேராகவும் வெட்டினால் குழப்பமில்லை.

ஐதராவிலும் தலை, அடி மாறாது. நடுத்துண்டை மட்டும் எடுத்தாலும் பழைய தலைப்பக்கத்திலேயே வாய் வரும். ஒரு நாள் பட்டினி போட்டு, புது பிளேட்டால் நடுவில் வெட்டுங்கள். பைப் தண்ணீரின் குளோரின் அதைக் கொல்லும், செப்புப் பாத்திரமும் கூடாது. 20 பாகை அளவில் இரண்டு மூன்று நாளில் அடித்துண்டில் பரிசக்கொம்புகள் (வாயைச் சுற்றி இரை பிடிக்கும் கைகள்) தெரியும். மின்விசிறி மட்டும் சுழலும் 30 பாகை அறையில் துண்டு கரைந்துபோகலாம்.

வித்தியாசம் இங்கேதான். வாய் இல்லாத துண்டு சாப்பிடாது. இருக்கும் கலங்களையே மாற்றி அடுக்கிச் சின்ன ஐதராவாகிறது. முருங்கையில் தடி தடியாகவே இருக்கும், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே பிரியும் கலங்களைக் கொண்ட மாறிழையத்தை ஒட்டிப் புதுக் கலங்கள் பிரிந்து வேரைச் சேர்க்கின்றன. ஐதராவைத் தனிக்கலங்களாகக் கலைத்தாலும் அவை திரண்டு மறுபடி ஐதராவாகும். முருங்கையிலையை அரைத்தால் இலைக்கஞ்சிதான்.

ரியூசன் அச்சுக் குறிப்புகளில் வெட்டிய ஐதராவின் படத்துக்குக் கீழே "அரும்புதல்" என்று போடுகிறார்கள். நன்றாகத் தின்ற ஐதரா, காயமே இல்லாமல் பக்கவாட்டில் குட்டி விடுவதுதான் அரும்புதல். காசு வாங்கி அச்சடிப்பவர்கள் இதையாவது பார்க்கக்கூடாதா?

இன்னொன்று. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் மசுக்குட்டி (கம்பளிப்புழு) வந்துவிட்டது என்று முருங்கையை அடியோடு தறிக்கிறார்கள். கட்டை தளிர்க்கிறது என்று அதன்மேல் சீமெந்தும் ஊற்றுகிறார்கள். மசுக்குட்டி மொய்த்த கொப்பை மட்டும் வெட்டினால் போதும்.