போட்ட மணிச்சத்து எங்கே போகிறது?

கேள்வி: தர்மபுரி பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிச் செம்மண் வைத்திருக்கிறேன். நிலக்கடலையும் கேழ்வரகும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஒவ்வொரு பருவமும் டிஏபி உரம் இட்டும், மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'குறைவு' என்றே வருகிறது. போட்ட உரம் எங்கே போகிறது? பாஸ்போபாக்டீரியா வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: பயிர் எடுத்தது போக மீதியில் பெரும்பகுதி உங்கள் நிலத்திலேயேதான் இருக்கிறது. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகள் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அலுமினியமும் அதே வேலையைச் செய்கிறது. பரிசோதனையில் தெரிவது பயிருக்கு எளிதில் கிடைக்கும் சிறு பங்கு மட்டும். பிடிபட்டுக் கிடப்பதை மீட்டுக் கொடுக்கக்கூடியது வேரும் அதைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களும்தான்.

இலை தயாரிக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட வேர் வழியாகச் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று மண்ணில் கசியும். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் திரண்டு வருகின்றன. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் அவற்றின் எண்ணிக்கை வெளிமண்ணைவிடப் பல மடங்கு. இந்த மெல்லிய பகுதிக்கு 1904-லேயே ஜெர்மானிய விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தார். மண்ணில் பிடிபட்ட மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாக்டீரியாவான பாஸ்போபாக்டீரியா நன்றாக வேலை செய்வதும் இங்கேதான். செடியில்லாத காய்ந்த நிலத்தில் தூவினால் அதற்குத் தீனி கிடைக்காது.

எல்லா வேரும் ஒரே மாதிரி கசிவதில்லை. உங்கள் மண்ணுக்கு என்னைக் கேட்டால் துவரையைத்தான் சொல்வேன். அதன் வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றை வெளிவிடுகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்போடு ஒட்டியிருந்த மணிச்சத்து விடுபடுகிறது. ஐதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்த ஆய்வில் தெரியவந்து, 1990-ல் வெளியான செய்தி இது. துவரை எடுத்த சத்தில் ஒரு பகுதி உதிரும் இலையாகவும் வேராகவும் திரும்ப மண்ணுக்கே வரும். அடுத்த பயிருக்கு அது ஆகும். நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுங்கள். கேழ்வரகிலும் சால் விட்டுப் போடலாம்.

இன்னொரு துணை, வேர்ப்பூஞ்சை. கடைகளில் 'வேம்' (VAM) என்று கேட்டால் கொடுப்பார்கள். மணிச்சத்து மண்ணில் நகராது என்றே சொல்லலாம். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளதை எடுத்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடும். பூஞ்சையின் இழைகள் அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தூரம் போய் எடுத்து வரும். ஆனால் இந்தப் பூஞ்சை உயிருள்ள வேரை நம்பி வாழ்வது. நிலம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் குறையும், மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் குறையும். நிலக்கடலை எடுத்த பிறகும் துவரை நிலத்தில் நிற்கும் என்பதால் அந்த வெறுமைக் காலம் சுருங்கும். துவரை கலக்காத இடத்தில் பின்பருவ மழை ஈரத்தில் கொள்ளு விதையுங்கள்.

துவரை மாரை (காய்ந்த தண்டை) விறகுக்கு எடுப்பீர்கள், சரி. பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். மேலே கிடக்கும் சருகைவிட வேரிலிருந்து வரும் கரிமம் மண்ணில் அதிக காலம் தங்கும். அதைத் தின்ற நுண்ணுயிர்களின் எச்சம் களித்துகள்களோடு ஒட்டிக்கொள்வதே முக்கியக் காரணம். ஆனால் வேர்க்கசிவால் ஊக்கம் பெறும் நுண்ணுயிர்கள் பழைய மக்கையும் கொஞ்சம் சிதைக்கும். அதனால் தொழு உரத்தை நிறுத்தாதீர்கள்.

டிஏபி-யை நிலம் முழுக்க வீசாமல், விதையின் மேல் படாமல் சாலுக்குப் பக்கத்தில் இடுங்கள். அதைவிட நல்லது, ஏக்கருக்குரிய சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தை 300 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரமாகக் குவித்து மூடி, ஒரு மாதம் கழித்துப் போடுவது. மண்ணில் இரும்பு பிடிப்பது குறையும். பாஸ்போபாக்டீரியாவை ஆறின கஞ்சியில் விதையோடு கலந்து நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சாணக்கொல்லி சேர்த்திருந்தால் 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பரிசோதனையில் 'குறைவு' என்று வந்திருப்பதால் டிஏபி-யை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் அரை ஏக்கரில் மட்டும் பாதியாகக் குறைத்து, பக்கத்து அரை ஏக்கரில் வழக்கம்போல் போட்டு, இரண்டின் விளைச்சலையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள்.