சமூகவியலா, சமூகப்பணியா?

கேள்வி: கல்லூரியில் சமூகவியல் படிப்பதா, சமூகப்பணி படிப்பதா? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட ஒரு சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். அவளைப் போன்றோர் எத்தகைய குடும்பங்களில், எந்தச் சூழலில் படிப்பை இழக்கிறார்கள் என்று ஆராய்வது சமூகவியல். தற்கொலை என்னும் தனிமனிதச் செயலுக்கும் சமூகக் காரணங்கள் உண்டென பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் நிறுவ முயன்றது இவ்வழியில்தான். அச்சிறுமியின் வீட்டு வாசலில் அமர்ந்து, தாயின் தயக்கத்தைப் பொறுமையாகக் கேட்டறிந்து, ஆசிரியரிடமும் பேசி, அவளை மீண்டும் வகுப்பில் உட்காரவைப்பது சமூகப்பணி. அதனால்தான் அப்படிப்பில் களப்பயிற்சி இன்றியமையாதது. ஒவ்வொரு சந்திப்பையும் மறப்பதற்குள் அறிக்கையாக எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டியிருக்கும். அந்த எழுத்துப் பழக்கமே அப்படிப்பின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆய்வுமுறைகள் இரண்டிலும் உண்டு. இளங்கலையில் சமூகவியல் பயின்றவர் முதுகலையில் சமூகப்பணிக்கு மாறப் பல பல்கலைக்கழகங்கள் இடமளிக்கின்றன.