நல்ல எண்ணத்தோடு செய்தால் அது தீமை ஆகாதா?

நல்லது நினைத்துச் செய்தவரைக் கெட்டவர் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளை எடைபோட நோக்கம் வேண்டும், ஆனால் செயலை எடைபோட அது மட்டும் போதாது என்பேன்.

நம் மலேசியச் சட்டத்தையே பாருங்கள். போனது ஓர் உயிர்தான், ஆனாலும் கொல்லும் எண்ணத்தோடு செய்தால் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, தூக்குவரை போகலாம் (2023 முதல் அது கட்டாயமில்லை). அலட்சியத்தால் நேர்ந்தால் 304ஏ, அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. குறைகிறது, ஆனால் குற்றம் குற்றமாகவே நிற்கிறது.

அப்புறம் நம் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு: "பிள்ளை நல்லா வரணும்னுதான் ரோத்தானை (பிரம்பை) எடுத்தேன்." சரி, நம்புகிறேன். ஆனால் முதுகில் தழும்பைப் பார்த்த பிறகும், பிள்ளை தன்னைக் கண்டாலே நடுங்குவது தெரிந்த பிறகும், அடுத்த வாரம் அதே ரோத்தானை எடுத்தால் அந்த நல்ல எண்ணம் வெறும் சாக்குதான். விளைவு தெரிந்ததும் கை நின்றதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பக்கத்துக் கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை பதினைந்து லட்சம் பேருக்கு மேல் சாகக் காரணமான, அந்நாட்டை அப்போது ஆண்ட போல் போட், 1997இல் கொடுத்த பேட்டியில் தன் மனசாட்சி தெளிவாக இருப்பதாகத்தான் சொன்னார்.