கேட் டேக், வங்கி கார்டு, கார் ரிமோட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கேட், அலாரம் பொருத்துவது என் தொழில். ஆர்எஃப்ஐடி (டேக், கார்டு போன்றவற்றை ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் முறை) பற்றி நம்மவர்கள் கேட்டவற்றில் சில:

சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர்: எங்கள் குடியிருப்பு காம்ப்ளெக்ஸ் கேட்டுக்கு நீல நிற டேக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது நகல் எடுக்க முடியுமா?

முடியும் அக்கா, அதுவும் சுலபமாக. டேக்கைத் திருப்பிப் பாருங்கள். பத்து இலக்க எண் அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் வகை. கிட்டே வருகிற எந்த ரீடருக்கும் தன் எண்ணை ஒப்பிக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணை வெற்று டேக்கில் எழுதச் சில வினாடி போதும். சில கேட்களுக்கு அச்சிட்ட எண்ணின் போட்டோவே போதும். ஆகவே கார் கழுவ விடும்போது டேக்கைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றாலும் நிம்மதி கிடையாது. அந்த வகையில் பரவலான மைஃபேர் கிளாசிக் கார்டின் 48 பிட் ரகசியச் சாவியை 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் நீதிமன்றம் போயும் அந்த ஆய்வு வெளிவருவதைத் தடுக்க முடியவில்லை. அப்படியும் அந்தக் கார்டை இன்றும் புதிதாகப் பொருத்துகிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: டேக் எண்ணை மட்டும் சொல்கிறதா, இல்லை ரீடர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் புதுச் சவாலுக்கு ரகசியச் சாவியை வைத்து விடை தருகிறதா? டெஸ்ஃபயர் என்ற வகைக் கார்டை இரண்டாவது விதத்தில் அமைக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கும் காம்ப்ளெக்ஸுக்கு அது பெரிய செலவில்லை.

ஃபீனிக்ஸ் தம்பி: ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் பர்ஸை உரசியே வங்கி கார்டிலிருந்து பணம் எடுப்பார்களா?

அதற்கு வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கார்டு புதுக் குறியீடு தருகிறது, பின்பக்க மூன்று இலக்கத்தை அனுப்புவதில்லை. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கசியலாம். வங்கியின் எஸ்எம்எஸ் அறிவிப்பைப் போட்டு வையுங்கள். கூட்டத்தில் பர்ஸே காணாமல் போவதுதான் பெரிய பயம்.

டாங்காட் ஐயா: மாலில் காரைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். கண்ணாடி உடையவில்லை, உள்ளே இருந்த பை மட்டும் இல்லை.

இது ஆர்எஃப்ஐடி அல்ல, ஜாமிங். நீங்கள் பூட்டும் நேரத்தில் பக்கத்தில் ஒருவன் அதே அலைவரிசையில் கேட் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தால், உங்கள் சிக்னல் காருக்குப் போய்ச் சேராது. விளக்கு மின்னியதா பாருங்கள், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், அப்புறம் நகருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சகோதரி: நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன் என்று பாடி கார்ப்பரேட் (காம்ப்ளெக்ஸ் வீட்டு உரிமையாளர் சங்கம்) உறுப்பினர் ஒருவர் பேசுகிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

டேக் தொடும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு கணினியில் பதிவாகிறது. அதைப் பார்த்திருப்பார். இது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. போப்பியா என்ற நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்கெல்லாம் காட்டினார்கள் என்று எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவை எத்தனை நாளில் அழிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார் கொடுக்கலாம்.