அலிசியா அப்படிச் செய்வாளா? – கடிதம்

(‘தி குட் வைஃப்’ தொடரின் முடிவு இதில் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிக்கலாம்.)

அன்புள்ள அக்கா,

காஜோல் நடித்து 2023இல் வந்த ‘தி டிரையல்’ இந்தித் தொடரை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு மூலம் ஓர் அமெரிக்கத் தொடர் என்று தெரிந்ததும் ‘தி குட் வைஃப்’பைத் தேடிப் பிடித்தேன். அதன் நாயகி வக்கீல் அலிசியா. ஏழு சீசன், 156 அத்தியாயம். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். இரண்டு மாதத்தில் முடித்தேன். முடித்த அன்று வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

அவளுக்கு வேலை தந்த, அவள் நேசித்த வில் கார்ட்னரைக் கொன்றபோதே பாதி மனசு விட்டுப்போயிற்று. முன்னறிவிப்பு இல்லை, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் விடவில்லை. அதையாவது விதி என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவளோடு வேலை பார்க்கும் மூத்த வக்கீல் டயானின் கணவரைச் சாட்சிக் கூண்டில் வைத்து அவருடைய கள்ள உறவைக் கேட்கவைத்தாளே அலிசியா, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கணவன் செய்த துரோகத்தை ஊரே பார்க்க நின்றவள் அவள். அந்த வலி தெரிந்தவள் இன்னொரு பெண்ணுக்கு அதையே செய்வாளா? நான் ஏழு சீசன் கூடவே நடந்த அலிசியா இவள் இல்லை. எழுதியவர்கள் அவளைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னால் “கதைதானே, விடு” என்கிறார்கள். விட முடியவில்லை. நான் கோபப்படுவது சரியா, அல்லது எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

கோபம் சரிதான். இரண்டு மாதம் ஒருத்தியோடு தினமும் இரவைக் கழித்துவிட்டு, அவள் கடைசியில் செய்த காரியத்துக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால்தான் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வேன். “கதைதானே” என்பவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கோபங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஒருவரை இழந்ததால் வந்தது. மற்றது, ஒருத்தி மாறிப்போனதால் வந்தது. முதலாவதை உங்களோடு சேர்ந்து நானும் பட்டேன். இரண்டாவதில் உங்களோடு நான் இல்லை.

வில் செத்தது 2014 மார்ச் 23 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனுக்காக நீதிமன்றத்தில் நிற்கிறார். அந்தப் பையனே காவலரின் துப்பாக்கியைப் பறித்துச் சுடுகிறான். அலிசியாவோடு மோதி நின்ற வழக்கு என்றோ, அவள் கணவன் பீட்டரின் சதி என்றோ ஒன்றும் இல்லை. ஏழு சீசன் கதைக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நம்மை அதிகம் புண்படுத்தியதும் அதுதான். ஒரு நாயகன் சாகிறான் என்றால் கதைக்குள்ளிருந்து ஒரு காரணம் வேண்டும் என்று எதிர்பார்த்தே பழகியிருக்கிறோம்.

நடிகர் ஜாஷ் சார்ல்ஸ் தொடரை விட்டு விலக முடிவெடுத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. வேறு ஊருக்கு அனுப்பியிருக்கலாம், வக்கீல் சன்னதைப் பறித்திருக்கலாம். தொடரை உருவாக்கிய ராபர்ட் கிங், மிஷெல் கிங் தம்பதி அன்று இரவே ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். நெருங்கிய ஒருவரைத் திடீரென்று பறிகொடுத்த அனுபவம் தங்களுக்கும் உண்டு, விடைபெறும் வாய்ப்பைச் சாவு தருவதில்லை என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இந்தத் தொடர் அடிப்படையில் அலிசியா பெறும் கல்வியைப் பற்றியது என்று. அந்தக் கடிதத்தைப் படித்தும் ஆறாதவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே உங்களுக்கும் அன்று பார்த்தவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாவதற்குச் சற்று முன் வில் அலிசியாவின் தொலைபேசியில் ஒரு குரல்பதிவை விட்டிருப்பார், நினைவிருக்கிறதா? எதையோ சொல்லத் தொடங்குகிறார், நீதிமன்றம் கூப்பிடுகிறது, பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிடுகிறார். அடுத்த அத்தியாயம் முழுக்க அலிசியா அந்த அரைவாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறாள். எதற்காகக் கூப்பிட்டார், கோபமா, அன்பா, வழக்கு விஷயமா? விடை இல்லை. வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களுக்குச் சாவுக்கும் அந்த அத்தியாயத்துக்கும் நடுவே ஏழு நாள் இருந்தது. அவரவர் வீட்டில், அவரவர் வேலையில், அந்த இழப்போடு ஏழு நாள். உங்களுக்குச் சில நொடிகள். திரை கறுத்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கியிருக்கும். துக்கம் இறங்குவதற்கு இடமே கிடைத்திருக்காது. அந்த ஆத்திரத்தில் ஒரு பங்கைக் கடைசி அத்தியாயம் வரை சுமந்துபோய்ப் பாவம் அலிசியா மேல் இறக்கிவிட்டீர்களோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இனி அலிசியா.

இந்தத் தொடர் எங்கிருந்து முளைத்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 மார்ச்சில் நியூயார்க் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் பாலியல் தொழில் தொடர்பான விவகாரத்தில் பதவி விலகினார். செய்தியாளர்கள் முன் அவர் பேசும்போது மனைவி பக்கத்தில் நின்றார். அதற்கு முன்னும் அமெரிக்க அரசியலில் அப்படி நின்ற மனைவிகள் உண்டு. கணவன் ஒலிபெருக்கிக்கு முன்னால், மனைவி ஓரடி தள்ளி, முகத்தில் ஒன்றும் இல்லாமல். அந்தப் பெண் அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்ற கேள்வியிலிருந்துதான் கிங் தம்பதி தொடங்கினார்கள். 2009 செப்டம்பரில் முதல் அத்தியாயம் வந்தபோது அமெரிக்கப் பார்வையாளர்களின் மனதில் அந்தப் படம் இன்னும் காயாமல் இருந்தது. ஆகவே முதல் நிமிடத்திலேயே எல்லாரும் அலிசியாவின் பக்கம் வந்துவிட்டார்கள். அவள் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. அவமானப்பட்டவள் என்பதே போதுமாக இருந்தது.

அந்த இரக்கம் நம் கண்ணை எவ்வளவு மறைத்தது என்று பாருங்கள். முதல் சீசனில் வக்கீல் நிறுவனத்தில் இருப்பது ஒரே ஓர் இடம், போட்டியில் இரண்டு ஜூனியர்கள். அலிசியா ஒருத்தி, இளைஞன் கேரி ஒருவன். முடிவெடுக்கும் நேரம் நெருங்கும்போது அவள் என்ன செய்கிறாள்? கணவனின் தேர்தல் ஆலோசகர் ஈலை கோல்டிடம் போகிறாள். அவரை நிறுவனத்தின் கட்சிக்காரராக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். வேலை அவளுக்கு, வெளியேற்றம் கேரிக்கு. எந்தக் கணவனின் பெயரால் அவமானப்பட்டாளோ அதே பெயரை எடுத்துச் செலவழிக்கிறாள். அன்று நாம் என்ன செய்தோம்? நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்பவளுக்கு வேலை கிடைத்ததே என்று. கேரிக்காக ஒரு நிமிடம்கூட வருந்தியதாக நினைவில்லை.

ஐந்தாம் சீசனில் அதே கேரியோடு சேர்ந்து நிறுவனத்தின் கட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு வெளியேற ரகசியமாகத் திட்டமிடுகிறாள். விஷயம் தெரிந்ததும் வில் அவள் அறைக்குள் வந்து மேசையில் இருந்ததை எல்லாம் ஒரே வீச்சில் தரையில் தள்ளுகிறாரே, அந்தக் காட்சியில் வில்லின் முகத்தைப் பார்த்தால் அவர் எவ்வளவு அடிபட்டிருக்கிறார் என்று தெரியும். பல வருட இடைவெளிக்குப் பின் யாரும் எடுத்துக்கொள்ளாத நேரத்தில் வேலை தந்தவர். நான் அன்றும் அலிசியாவின் பக்கம்தான் இருந்தேன்.

ஆறாம் சீசனில் தேர்தலில் நின்று அரசு வழக்குத் துறையின் தலைமைப் பதவியை வெல்கிறாள். வாக்கு இயந்திர மோசடி என்ற புகார் வருகிறது. தன் ஆதாயத்துக்காகக் கட்சியே அவளைப் பலி கொடுக்கிறது. அவளைக் காப்பாற்ற வந்தவர் என்று நம்பிய வக்கீலே அவளை ஏமாற்றுகிறார். அதோடு அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கை தீர்ந்துவிடுகிறது. ஏழாம் சீசனில் நாம் பார்ப்பது அதற்குப் பிறகான அலிசியாவை.

‘இவள் இதைச் செய்ய மாட்டாள்’ என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் சொல்வது ‘இவள் இதைச் செய்யக் கூடாது என்று ஆசைப்பட்டேன்’ என்பதைத்தான். இரண்டாவது நியாயமான ஆசை. அதை எழுதியவர்களின் பிழையாக மாற்றிவிடக் கூடாது.

இந்தத் தொடரைப் பற்றி என் தோழி ஒருத்தியோடு நிறையப் பேசியிருக்கிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல். கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு ஆத்திரத்தோடு அவளைத்தான் கூப்பிட்டேன். டயானின் கணவர் கர்ட் துப்பாக்கிக் குண்டு நிபுணர், பீட்டர் மேல் நடக்கும் வழக்கில் அவர் சாட்சியம் பீட்டருக்கு எதிராகத் திரும்புகிறது, பீட்டர் சிறைக்குப் போனால் மகள் கிரேஸ் கல்லூரியைத் தள்ளிப்போட்டுவிடுவாள், அதனால் சக வக்கீல் லூக்காவைக் கொண்டு டயான் கண்முன்னாலேயே இப்படிக் கேட்கவைத்தாள் என்று கதையைச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சாட்சியை உடைக்கணும்னா எதைக் கேட்கணுமோ அதைக் கேட்டிருக்கா. இத்தனை நாள் ஊர் பேர் தெரியாத சாட்சியை அவ உடைச்சப்போ உனக்குக் கோபம் வரலையே?”

எனக்குப் பதில் வரவில்லை. குறுக்கு விசாரணையில் அலிசியா எத்தனை பேரின் அந்தரங்கத்தைக் கிளறியிருப்பாள்! எத்தனை திருமணம், எத்தனை பழைய நோய், எத்தனை கடன்! ஒவ்வொரு வாரமும் அவள் வெல்ல வேண்டும் என்று இருக்கை நுனியில் உட்கார்ந்தோம். கூண்டில் நிற்பவர் அந்த அத்தியாயத்தோடு போய்விடுவார், அவர் வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்று யாரும் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. கடைசியில் முதல்முறையாகக் கூண்டில் நமக்குத் தெரிந்த ஒருவர் நின்றார். அதே நீதிமன்ற அறையில் நாம் நேசிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அலிசியாவின் முறை மாறவில்லை. அடிபட்டவர் மட்டும் மாறினார்.

தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் இரண்டு நடைவழிக் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தில், மேடையில், பீட்டர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய கோட்டில் ஒட்டியிருக்கும் ஒரு நூலின் மேல் அவள் கண் போகிறது. கை அதை எடுக்க நீளுகிறது. இத்தனை வருடம் வீட்டு வாசலில் கோட்டைத் துடைத்து அனுப்பிய கை அது. பிறகு நடைவழியில் பீட்டர் நலமா என்று கேட்க, ஓர் அறை விடுகிறாள். தன் கோட்டைச் சரிசெய்துகொண்டு நடக்கிறாள். 2016 மே 8 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில் மறுபடி மேடை, மறுபடி பீட்டரின் பதவி விலகல். பீட்டர் கையை நீட்டுகிறார், அவள் அங்கே இல்லை. தன் காதலன் ஜேசன் என்று நினைத்து யாரையோ தேடி ஓடிவிட்டாள். நடைவழியில் அவள் எதிரே வருவது டயான். ஒரு வார்த்தை இல்லை. கன்னத்தில் ஓர் அறை. டயான் போய்விடுகிறாள். அலிசியா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கண் நிறைகிறது, பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு நடக்கிறாள். அதே கை, அதே அசைவு. அலிசியாவாக நடித்த ஜூலியானா மார்குலிஸ் அந்தச் சில நொடிகளில் வசனமே இல்லாமல் செய்திருப்பதை நான் பலமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். தான் யாராக ஆகிவிட்டோம் என்று அவளுக்கு அந்தக் கணத்தில் தெரிகிறது. தெரிந்தும் நடக்கிறாள். பாதிக்கப்பட்டவளே பாதிப்பவளாக ஆகும் கதையைத்தான் சொன்னோம் என்று கிங் தம்பதியும் பின்னால் விளக்கினார்கள். அந்த விளக்கம் இல்லாமலே அது திரையில் இருக்கிறது.

எழுதியவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறுவனத்தின் துப்பறிவாளர் கலிந்தாவுக்குச் செய்ததை மன்னிக்க மாட்டேன். அலிசியாவுக்கும் கலிந்தாவுக்கும் இடையில் இருந்த நட்பும் அதன் முறிவும் தொடரின் முதல் இரண்டு சீசன்களின் உயிர். நான்காம் சீசனுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருவரையும் ஒரே சட்டகத்தில் காட்டவே இல்லை. ஆறாம் சீசன் முடிவில் மதுக்கடையில் பிரியும் காட்சியைத் தனித்தனியாகப் படம்பிடித்து ஒட்டியது வெளியே தெரிந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு முழுக்க நியாயம். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விடைபெறுகிறார்கள் என்று நம்பி அழுதவர்களின் கண்ணீர் அது. ஏழாம் சீசனில் ஜேசனும் ஒட்டவில்லை. வில் கற்பனையில் திரும்பி வந்து ஒரே காட்சியில் நம்மை உருக்கும்போது ஜேசன் இன்னும் மெலிந்துபோகிறான். அலிசியா கெட்டியாகிப்போன விதத்தை அந்த சீசன் இன்னும் நிதானமாகக் காட்டியிருந்தால் உங்களுக்கு அந்த அறை இவ்வளவு திடுக்கென்று விழுந்திருக்காது. அந்த அளவுக்கு உங்கள் பக்கமே பேசுவேன்.

டயானை நினைத்து மனசு கனத்தால் ‘தி குட் ஃபைட்’ இருக்கிறது. 2017இல் தொடங்கி ஆறு சீசன். டயானாக நடித்த கிறிஸ்டின் பரான்ஸ்கி அதில் தனியாகக் கொடி பிடித்திருக்கிறார். கர்ட்டும் வருகிறார். ஆனால் அதற்கு முன்னால் ‘தி குட் வைஃப்’ முதல் சீசனை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முழுக்கக்கூட வேண்டாம். கேரிக்கு வேலை பறிபோகும் இடத்துக்குப் போங்கள். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா