தனி மேதையா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்த இரண்டே வருடத்தில் ஷாக்லி என்ற தனி மேதை டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார். அப்படிப்பட்டவர்கள் இன்று ஏன் பிறப்பதில்லை? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பிறக்கிறார்களா இல்லையா என்பது இருக்கட்டும், அந்தத் 'தனி'யை முதலில் எடுத்துவிடுங்கள். 1947 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பின் மேல் தங்கத் தகட்டைச் சுற்றி, முனையில் பிளேடால் கீறி, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் துண்டின்மீது அழுத்தி, டிரான்சிஸ்டரை, அதாவது மின் சமிக்ஞையைப் பெருக்கும் அந்தச் சின்னக் கருவியை, வேலை செய்ய வைத்தவர்கள் பார்டீன், பிராட்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள். ஷாக்லி அவர்களுடைய குழுத் தலைவர். அந்தக் காப்புரிமையில் அவர் பெயரே கிடையாது. ஆனால் புகழ்பெற்ற அந்தப் படத்தில் பிராட்டனின் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? ஷாக்லி. மற்ற இருவரும் பின்னால் நிற்கிறார்கள். பிராட்டனுக்கு அந்தப் படம் கடைசிவரை பிடிக்கவில்லை, எனக்கும்தான். பிறகு ஷாக்லி சந்தி டிரான்சிஸ்டரை (தகட்டு முனைகள் இல்லாமல், படிகத்துக்குள்ளேயே அடுக்குகள் சந்திக்கும் வகை) யோசித்தார், அது பெரிய சாதனை, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மூவரும்கூடத் தனியாக எதையும் செய்துவிடவில்லை: ஜெர்மானியத்தைச் சுத்தமாகத் தயாரிக்கும் வித்தைகூடப் போர்க்காலத்தில் ரேடாருக்காக பர்டியூ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பழகியதுதான்.

எனக்கு ஆற்றாமை இன்னொருவரைப் பற்றி. கோர்டன் டீல். குறையில்லாத ஒற்றைப் படிகமாக, அதாவது அணுக்கள் முழுக்க ஒரே ஒழுங்கில் அடுக்கியதாக, ஜெர்மானியத்தை வளர்த்தால்தான் இது உருப்படும் என்று அதே ஆய்வகத்தில் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், ஷாக்லி அது தேவையில்லை என்றார். டீல் விடவில்லை, ஜான் லிட்டில் என்பவரைச் சேர்த்துக்கொண்டு பகல் வேலை முடிந்தபின் ராத்திரியில் உருக்கிய ஜெர்மானியத்திலிருந்து படிகம் இழுத்தார். 1951-ல் ஷாக்லி யோசித்த டிரான்சிஸ்டர் ஒழுங்காக இயங்கியது அப்படி வளர்த்த படிகத்தில்தான்! அப்புறம் டீல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனார். 1954-ல் ஒஹையோவின் டேட்டன் நகரில் ஒரு மாநாடு, சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு இன்னும் பல வருடம் ஆகும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீல் எழுந்து, எங்களிடம் தயாராக இருக்கிறது என்றார். இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கருவியில் இணைத்திருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார், சூடு தாங்காமல் பாட்டு நின்றுபோனது. சிலிக்கானை முக்கினார், பாட்டு பாட்டுக்கு ஓடியது. இன்று உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் இருப்பதும் ஒற்றைப் படிகச் சிலிக்கான்தான்.

1956-ல் நோபல் பரிசு ஷாக்லி, பார்டீன், பிராட்டன் மூவருக்கும் போனது. டீலுக்கு அதில் இடமில்லை. இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதியிருக்கிறேன், 'ஷாக்லி கண்டுபிடித்த டிரான்சிஸ்டர்' என்று யார் கேட்டாலும் இன்னொரு தடவை எழுதுவேன்.